பழமொழி தொகுத்த பெர்சிவல்

நுழையும்முன்

ஒரு மொழியைக் கற்பவர் பலர். கற்ற மொழிக்கே வாழ்நாளைக் கொடுப்பவர் சிலர். சமயப்பணிக்கென இங்கிலாந்திலிருந்து கடல்கடந்து வந்து, ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இதழாசிரியராகவும் பழமொழித் தொகுப்பாளராகவும் விளங்கியவர் பீட்டர் பெர்சிவல். அவர் செய்ய எண்ணிவந்த செயல் ஒன்று. நிலைத்து நின்ற செயல் வேறொன்று. ஏற்காட்டு மலையில் நிறைவுற்ற அவ்வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வேற்று நாட்டிலே பிறந்து தமிழுக்குத் தொண்டு செய்தோர் வரிசை நீண்டது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜி.யு. போப், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஆகியோரைத் தமிழுலகம் நன்கறியும். அவ்வரிசையில் போப்பிற்கும் கால்டுவெல்லுக்கும் முன்னரே தமிழ் நிலத்தில் அடிவைத்தவர் பெர்சிவல். ஆறுமுக நாவலரின் ஆசிரியராகவும், சி.வை. தாமோதரனாரைச் சென்னைக்கு அழைத்தவராகவும் அவருடைய பெயர் பிறர் வரலாறுகளில் இடம்பெறுகிறது. அவருடைய வாழ்க்கையோ தனித்து எண்ணிப்பார்க்கத் தக்கது.

கடல்கடந்து வந்தவர்

பீட்டர் பெர்சிவல் 1803ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். இளமையிலேயே வெசுலியன் மெதடிசுத் திருச்சபையின் சமயப்பணியை மேற்கொண்டார். அத்திருச்சபை அவரை 1826ஆம் ஆண்டு இலங்கையின் யாழ்ப்பாணத்திற்கு அனுப்பியது. இடையில் சில ஆண்டுகள் வங்காளத்தில் பணியாற்றிய அவர், மீண்டும் யாழ்ப்பாணத்திற்கே வந்துசேர்ந்தார்.

அந்நாளைய யாழ்ப்பாணம் மாற்றத்தின் வாயிலில் நின்றது. 1795இல் ஒல்லாந்தரின் ஆட்சி நீங்கி ஆங்கிலேயரின் ஆட்சி அங்கே ஏற்பட்டிருந்தது. 1816இல் அமெரிக்கச் சமயப்பணியாளர் தெல்லிப்பழையில் தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் ஒன்றை நிறுவினர். ஒருபுறம் திண்ணைப் பள்ளிகளில் ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு நிகண்டும் நன்னூலும் கற்பிக்கப்பட்டன. மறுபுறம் அச்சிட்ட நூல்களைக் கொண்டு ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. இவ்விருவகைக் கல்வியும் ஒரே ஊரில் சந்தித்த காலத்தில் பெர்சிவல் அங்கே வாழ்ந்தார்.

சமயத்தைப் பரப்ப வந்தவருக்கு மக்கள்மொழி ஒரு கருவி. பெர்சிவலும் முதலில் அக்கருத்துடனேயே தமிழைக் கற்கத் தொடங்கினார். ஆயின், கருவியாகக் கையில் எடுத்த மொழி மெல்ல மெல்ல அவரைத் தன்வயப்படுத்தியது. மேடைப்பேச்சுக்குப் போதுமான தமிழோடு அவர் நின்றுவிடவில்லை. இலக்கணம் கற்றோரின் செந்தமிழையும், வயலிலும் சந்தையிலும் வழங்கும் பேச்சுத்தமிழையும் ஒருங்கே அறிய முற்பட்டார்.

யாழ்ப்பாணத்துப் பள்ளிகள்

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் மெதடிசுத் திருச்சபை ஓர் ஆங்கிலப் பள்ளியை நடத்திவந்தது. பெர்சிவல் அதனைப் பொறுப்பேற்று மேம்படுத்தினார். 1834ஆம் ஆண்டு அது யாழ்ப்பாண மத்திய பாடசாலை எனப் பெயர் பெற்றது. இன்றைய யாழ்ப்பாண மத்திய கல்லூரி அப்பள்ளியின் வளர்ச்சியே ஆகும்.

பெண்களுக்குப் பள்ளிக்கல்வி வேண்டுமா என்று பலரும் ஐயுற்ற காலம் அது. அக்காலத்தில் மகளிர்க்கெனத் தனிப்பள்ளி நிறுவும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். வேம்படி மகளிர் கல்லூரியின் தொடக்க வரலாறு 1830களில் அவர் மேற்கொண்ட கல்விப்பணியோடு பிணைந்தது. இப்பள்ளிகளின் நோக்கங்களுள் மதமாற்றமும் ஒன்று என்பது மறைக்கத்தக்கதன்று. எனினும், கற்க வந்தோர் எல்லாரும் மதம் மாறிவிடவில்லை. கற்ற கல்வியைக் கொண்டு தத்தம் வழியில் சென்றோரே மிகுதி. அவர்களுள் தலையாயவர் நல்லூர் ஆறுமுகனார்.

ஆசிரியரும் மாணவரும்

1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுகனார், தமிழைப் புலவர்களிடத்தும் ஆங்கிலத்தைப் பெர்சிவலின் பள்ளியிலும் கற்றார். அவருடைய கூர்த்த அறிவைக் கண்ட பெர்சிவல், இருபது வயதளவில் இருந்த அவ்விளைஞரை அப்பள்ளியிலேயே ஆசிரியராக அமர்த்தினார். தமக்குத் தமிழ் கற்பிக்கும் துணைவராகவும் அவரை ஏற்றுக்கொண்டார். இவ்வாறு மாணவர் தம் ஆசிரியர்க்கே ஆசிரியர் ஆனார்.

ஆறுமுகனார் சைவ ஒழுக்கத்தில் உறுதி மிக்கவர். திருநீறு அணிந்தே அவர் அப்பள்ளியில் பணியாற்றினார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். சமயக்கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றனர். ஆயினும் மொழியறிவு அவர்களை ஒரே மேசையின் இருபுறமும் அமரச்செய்தது. ஒருவரின் நம்பிக்கையை மற்றவர் ஏற்காமலே, ஒருவரின் புலமையை மற்றவர் மதித்தனர். 1840களில் விவிலியத்தைத் தமிழில் புதிதாக மொழிபெயர்க்கும் பெரும்பணி தொடங்கியபோது, பெர்சிவல் ஆறுமுகனாரின் துணையையே நாடினார்.

யாழ்ப்பாண விவிலியம்

தமிழில் விவிலிய மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். பின்னர்ப் பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு மக்களிடையே பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியுசு எளிய நடையில் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தார். இவை ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் இருந்தது, குறைகூறலும் இருந்தது. பிழையற்ற தமிழில், மூலத்தின் பொருள் சிதையாமல், எல்லாரும் ஏற்கத்தக்க ஒரு பதிப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் அப்பொறுப்பு பெர்சிவலின் தலைமையில் அமைந்தது.

அப்பணி எளியதன்று. கடவுளைக் குறிக்க எச்சொல்லை வழங்குவது என்பதிலேயே அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். ஒரு சொல்லை மூலத்திற்கு நெருங்க அமைத்தால் தமிழ் மரபு இடறும். தமிழ் மரபுக்கு ஏற்ப அமைத்தால் மூலத்தின் பொருள் விலகும். வாக்கியத்தின் போக்கிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் பின்னே வருவது தமிழில் முன்னே வரவேண்டும். ஓர் ஆங்கிலத் தொடரின் உறுப்புகளைப் பிரித்துத் தமிழின் வினைமுற்றில் முடியுமாறு மீண்டும் கோக்கவேண்டும். இத்தகைய பணியில் பல ஆண்டுகள் இருவரும் உழைத்தனர்.

மொழிபெயர்ப்பு நிறைவுற்றபின் அதனைச் சென்னை அறிஞர்களின் பார்வைக்கு வைக்க 1848இல் பெர்சிவலும் ஆறுமுகனாரும் தமிழகம் வந்தனர். புலவர் மகாலிங்கையர் அம்மொழிபெயர்ப்பைப் படித்துப் பார்த்து அதன் நடையில் பிழையில்லை என்று பாராட்டினார் என்பர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் நூலாக வெளிவந்தது.

ஆயின், அது பெர்சிவல் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. வழிபாட்டில் நாள்தோறும் ஓதும் நூலின் சொற்கள் மக்களின் செவியிலும் நினைவிலும் ஊறியவை. பப்ரிசியுசின் சொற்களுக்குப் பழகிய தமிழகத்துக் கிறித்தவர்கள் அவற்றை விட்டுவிட விரும்பவில்லை. நடை நன்று என்பது மட்டுமே ஒரு நூலை வழிபாட்டு நூலாக்கிவிடாது. சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் வேறொரு குழு என்றி பவர் தலைமையில் அமைந்தது. அக்குழுவின் பதிப்பு 1871இல் வெளிவந்து பரவலாக ஏற்கப்பட்டது. பெர்சிவல் தம் வாழ்வின் பெரும்பணி என்று கருதிய நூல் ஓர் இடைக்காலப் பதிப்பாகவே நின்றுவிட்டது.

அப்பணியின் பயன் வேறோரிடத்தில் விளைந்தது. ஆங்கிலத் தொடரமைப்பைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவரும் கடும்பயிற்சி ஆறுமுகனாருக்கு அம்மொழிபெயர்ப்புக் காலத்தில் வாய்த்தது. தெளிந்த பொருள், நிறுத்தக்குறிகளின் பயன்பாடு, படிப்போர்க்கு எளிதில் விளங்கும் நடை ஆகியவை பின்னர் அவருடைய நூல்களில் சிறந்து விளங்கின. 1848இல் அவர் பெர்சிவலின் பள்ளியைவிட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அச்சியந்திரம் ஒன்றைப் பெற்று, சைவ நூல்களையும் பாலபாடங்களையும் அச்சிட்டுப் பரப்பினார். சமயப்பணியாளரின் கருத்துகளை மறுத்தும் எழுதினார். பள்ளி, அச்சு, மேடைச் சொற்பொழிவு என்னும் கருவிகளைப் பெர்சிவல் போன்றோர் எவ்வாறு கையாண்டனர் என்பதை அருகிருந்து அறிந்த மாணவர், அக்கருவிகளைத் தம் சமயத்தின் காப்புக்குப் பயன்படுத்தினார். ஆசிரியரின் நோக்கம் மாணவரிடத்தில் நிறைவேறவில்லை. ஆசிரியர் தந்த பயிற்சியோ தமிழ் உரைநடைக்கு ஆக்கமாயிற்று.

பணியிலிருந்து விலகல்

1850களின் தொடக்கத்தில் பெர்சிவல் இங்கிலாந்து திரும்பினார். கால் நூற்றாண்டாகத் தாம் சார்ந்திருந்த மெதடிசுத் திருச்சபையிலிருந்து விலகி, இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்தார். கேன்டர்பரியிலுள்ள புனித அகத்தின் கல்லூரியில் இந்தியாவைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றின் சாரம் அடங்கிய, இந்தியாவை வேதங்களின் நாடு எனக் குறிக்கும் தலைப்புடைய நூல் 1854இல் இலண்டனில் வெளிவந்தது. சமயப்பணியாளர் ஒருவரின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டதாயினும், மொழிகளையும் மக்களின் வாழ்வையும் நேரில் கண்டறிந்தவரின் பதிவு என்னும் சிறப்பு அந்நூலுக்கு உண்டு.

புதிய திருச்சபையின் பணியாளராகவே அவர் மீண்டும் தென்னிந்தியா வந்தார். ஆனால் அத்தொடர்பும் நெடுநாள் நீடிக்கவில்லை. சமயப்பணி அமைப்பிலிருந்து விலகிய பெர்சிவல், சென்னை மாநிலக் கல்லூரியில் நாட்டுமொழி இலக்கியப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர், இளமை முதல் மேற்கொண்டிருந்த பணியைத் துறந்து, அப்பணிக்குத் துணையாகக் கற்ற மொழியையே முழுநேரப் பணியாக ஏற்றார். வாழ்வின் பிற்பாதியில் எடுத்த இம்முடிவே தமிழுக்கு அவர் செய்த நிலைத்த தொண்டுகளுக்கு வழிவகுத்தது.

தினவர்த்தமானி

1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுத்தொழிலுக்கு இருந்த தடைகளை நீக்கியது. அதன்பின் தமிழில் இதழ்கள் தோன்றத் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் 1841ஆம் ஆண்டு முதல் உதயதாரகை வெளிவந்தது. 1855இல் பெர்சிவல் சென்னையில் தினவர்த்தமானி என்னும் வார இதழைத் தொடங்கினார். வர்த்தமானம் என்பது நடப்பு, செய்தி என்னும் பொருளுடைய சொல். சமயப்பரப்புரைக்கென நடந்த ஏடுகள் மிகுந்திருந்த காலத்தில், நாட்டு நடப்பையும் பொது அறிவையும் தமிழில் வாரந்தோறும் தரும் இதழாக அது அமைந்தது.

அக்காலத்தில் நாட்டில் நிகழ்ந்த மாற்றங்களை எண்ணிப்பார்த்தால் அவ்விதழின் தேவை விளங்கும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியது. 1857இல் வட இந்தியாவில் பெரும்புரட்சி வெடித்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இத்தகைய செய்திகளைச் சொல்வதற்குப் பழைய செய்யுள் நடை உதவாது. பேச்சு வழக்கும் முழுமையாகப் பொருந்தாது. விரைந்து எழுதவும் எளிதில் படிக்கவும் ஏற்ற புதிய உரைநடை தேவைப்பட்டது. அதனை உருவாக்கிய களங்களுள் தினவர்த்தமானியும் ஒன்று.

இவ்விதழின் ஆசிரியப் பொறுப்பிற்காகப் பெர்சிவல் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரனாரைச் சென்னைக்கு அழைத்தார். வட்டுக்கோட்டையில் பயின்ற அவ்விளைஞர், இதழ்ப்பணியோடு கல்வியையும் தொடர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரசுப்பணியில் உயர்ந்தபின், வீரசோழியம், தொல்காப்பியத்தின் பகுதிகள், கலித்தொகை முதலிய அரிய நூல்களை ஏட்டுச்சுவடிகளிலிருந்து மீட்டு அச்சேற்றினார். பழந்தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் முன்னோடியான அவரைத் தமிழகத்திற்கு வரச்செய்தது பெர்சிவலின் அழைப்பே ஆகும்.

அகராதிப்பணி

கல்லூரியில் கற்பித்த காலத்தில் பெர்சிவல் அகராதிகளைத் தொகுப்பதிலும் ஈடுபட்டார். 1860களின் தொடக்கத்தில் அவருடைய தமிழ் அகராதியும் தெலுங்கு – ஆங்கில அகராதியும் வெளிவந்தன. ஒருவர் இரு தென்னிந்திய மொழிகளுக்கு அகராதி அமைத்தமை அவருடைய உழைப்பின் பரப்பைக் காட்டும். மாணவரும் அலுவலரும் எளிதில் எடுத்தாளத்தக்க கையடக்க நூல்கள் அந்நாளில் பெரிதும் வேண்டப்பட்டன. அத்தேவையை நிறைவுசெய்வதே அவருடைய அகராதிப்பணியின் நோக்கமாக இருந்தது.

ஆறாயிரம் பழமொழிகள்

பெர்சிவலின் பெயரை இன்றும் நிலைபெறச் செய்வது அவருடைய பழமொழித் தொகுப்பு. யாழ்ப்பாணத்தில் இருந்தபோதே அவர் பழமொழிகளைத் திரட்டத் தொடங்கினார். 1840களின் தொடக்கத்தில் வெளிவந்த முதல் தொகுப்பில் இரண்டாயிரத்திற்குச் சற்றுக் குறைவான பழமொழிகள் இருந்தன. அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் தேடலை நிறுத்தவில்லை. 1874இல் சென்னையில் தினவர்த்தமானி அச்சகத்தின் வழியாக வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இடம்பெற்றன.

பழமொழியின் சிறப்பைத் தமிழர் தொன்மையிலேயே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் முதுமொழிக்கு இலக்கணம் வகுத்தார். முன்றுறை அரையனார் பழமொழிகளை வெண்பாக்களில் பதித்துப் பழமொழி நானூறு இயற்றினார். அந்நூலில் பழமொழி ஓர் அறக்கருத்துக்குச் சான்றாக, செய்யுளின் ஓசைக்கு ஏற்ப அமைந்திருக்கும். பெர்சிவல் மேற்கொண்ட முறை வேறு. மக்கள் வாயில் வழங்கியவாறே பழமொழியைத் தனித்து நிறுத்தி, அகரவரிசையில் அடுக்கி, அதன்கீழ் ஆங்கிலப் பொருளைத் தந்தார்.

இம்முறையில் பல இடர்ப்பாடுகள் உள்ளன. ஒரே பழமொழி ஊருக்கு ஊர் வடிவம் மாறும். யாழ்ப்பாணத்தில் வழங்கும் சொல் சேலத்தில் வழங்காது. சில பழமொழிகளின் சொற்கள் விளங்கினும் அவற்றைச் சொல்லும் இடம் விளங்காது. ஏர், மழை, கடன், மாமியார், பூனை, பானை என அன்றாடப் பொருள்களைச் சொல்லி, அவற்றுக்கு அப்பாற்பட்ட மனித இயல்பைச் சுட்டுவது பழமொழியின் பண்பு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வேற்றுமொழியாளருக்குப் பொருள் எட்டாது. கருத்தை மட்டும் பெயர்த்தால் தமிழரின் வாழ்க்கைக் காட்சி மறைந்துவிடும். பெரும்பாலும் சொல்லமைப்பை ஒட்டியே பெயர்த்த பெர்சிவல், தமிழரின் வீடும் வயலும் ஆங்கிலத்திலும் தோன்றுமாறு செய்தார்.

இத்தொகுப்பின் அருமையை உணர அதன் காலத்தை நினைவிற்கொள்ளவேண்டும். புலவர்களின் செய்யுளே இலக்கியம் என்று கருதப்பட்ட காலம் அது. எழுத்தறியாத உழவரும் குயவரும் இல்லத்து முதியோரும் வழங்கும் பேச்சை எழுதிவைக்கத் தக்கதென்று எண்ணியோர் சிலரே. நாட்டுப்புறவியல் என்னும் துறை தமிழகத்தில் கால்கொள்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, வாய்மொழி வழக்கை அச்சில் சேர்த்த பெருமை இத்தொகுப்புக்கு உண்டு. 1897இல் எர்மன் சென்சன் என்னும் தேனிசு நாட்டுச் சமயப்பணியாளர் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வகையாகப் பகுத்து வெளியிட்டார். அவரைப்போல் பின்வந்த தொகுப்பாளர்க்குப் பெர்சிவலின் நூல் முன்னோடியாக விளங்கியது. வழக்கொழிந்த பல பழமொழிகளை இன்று நாம் அறிவதற்கு இத்தகைய தொகுப்புகளே துணைசெய்கின்றன.

மலைமேல் இறுதிநாள்கள்

பெர்சிவலின் வாழ்க்கை ஏற்காட்டில் நிறைவுற்றது. சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் ஏற்காடு. ஏரியும் காடும் சூழ்ந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். தலைச்சோலை முதலிய சிற்றூர்கள் அம்மலையெங்கும் பரவியுள்ளன. அங்கு வாழும் மலைவாழ் மக்கள் மலையாளி எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பது அப்பெயரின் பொருள். அவர்கள் பேசும் மொழி தமிழே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஐரோப்பியர் பலர் இங்கே தோட்டங்கள் அமைத்தனர். சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சியோரும் ஓய்வுபெற்றோரும் இம்மலையை நாடி வந்தனர்.

கடற்கரை நகரங்களிலேயே வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்த பெர்சிவல், 1882ஆம் ஆண்டு சூலைத் திங்களில், எண்பதை நெருங்கிய அகவையில் இம்மலையூரில் காலமானார். பிறந்த மண்ணில் இருந்த ஆண்டுகளைவிடத் தமிழ் வழங்கும் நிலத்தில் அவர் வாழ்ந்த ஆண்டுகளே மிகுதி.

ஏற்காட்டோடு தொடர்புடைய மற்றோர் அறிஞர் இராபர்ட் புரூசு பூட். அவர் பெர்சிவலின் மகளை மணந்தவர். இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய அவர், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கண்டெடுக்கப்பட்டன. இந்தியத் தொல்மாந்தர் ஆய்வு அக்கண்டுபிடிப்புகளிலிருந்தே தொடங்குகிறது. பூட்டும் பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் திரட்டிய தொல்பொருள்களைச் சென்னை அருங்காட்சியகம் பெற்றுக் காத்துவருகிறது. மாமனார் மக்களின் வாயிலிருந்து பழஞ்சொற்களைத் திரட்டினார். மருமகன் மண்ணிலிருந்து பழங்கருவிகளைத் திரட்டினார். பிறர் பொருட்படுத்தாத சிறியவற்றைப் பேணுதற்குரியன என்று கண்டமையில் இருவரும் ஒத்தவர்கள்.

நிலைத்தது எது?

தமிழரின் சமயத்தை மாற்றும் எண்ணத்தோடு வந்தவர் பெர்சிவல். அவர் தலைமையில் உருவான விவிலியம் வழிபாட்டில் நிலைக்கவில்லை. அவருடைய தலைமாணவர் சைவத்தின் காவலரானார். அவரே தம் திருச்சபையை மாற்றிக்கொண்டார். பின்னர்ச் சமயப்பணி அமைப்பிலிருந்தும் விலகினார். எடுத்த செயலை முடித்தாரா என்னும் ஒரே அளவுகோலால் அளந்தால் அவருடைய வாழ்க்கை தோல்வியாகத் தோன்றக்கூடும்.

ஆயின் அவர் வளர்த்த பள்ளிகள் கல்லூரிகளாகத் தழைத்தன. அவரோடு உழைத்த நாவலர் தமிழ் உரைநடையைச் செம்மைசெய்தார். அவர் அழைத்த தாமோதரனார் பழந்தமிழ் நூல்களை அழிவிலிருந்து மீட்டார். அவர் தொடங்கிய இதழ் செய்தித்தமிழுக்கு வழியமைத்தது. அவர் தொகுத்த பழமொழிகள் பெயரறியாத பல்லாயிரம் தமிழரின் அறிவை அச்சில் நிறுத்தின. தமக்கு உடன்படாதவரின் புலமையையும் மதித்து அவரோடு அமர்ந்து உழைத்த பண்பே இவற்றுள் பலவற்றுக்கும் ஊற்றாக அமைந்தது. பெர்சிவல் தமிழுக்குக் கொண்டுவந்தவற்றைக் காட்டிலும், தமிழரிடமிருந்து கேட்டு எழுதிவைத்தவையே அவருடைய பெயரை இன்றும் காத்துவருகின்றன.

தெரிந்து தெளிவோம்

1803 – இங்கிலாந்தில் பிறப்பு
1826 – யாழ்ப்பாணம் வருகை
1834 – யாழ்ப்பாண மத்திய பாடசாலை எனப் பள்ளிக்குப் பெயரிடல்
1850 – யாழ்ப்பாண விவிலிய மொழிபெயர்ப்பு வெளியீடு
1855 – தினவர்த்தமானி தொடக்கம்
1874 – ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட பழமொழிகளின் தொகுப்பு
1882 – ஏற்காட்டில் மறைவு

சொல்லும் பொருளும்

அகவை – வயது
ஆக்கம் – வளர்ச்சி, பயன்
முதுமொழி – பழமொழி
வர்த்தமானம் – நடப்பு, செய்தி
நிலப்பொதியியல் – நிலத்தின் அமைப்பை ஆராயும் துறை
ஒல்லாந்தர் – டச்சுக்காரர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, பாடநூல்களில் இடம்பெறாத இருபது பழமொழிகளைத் தொகுத்து அகரவரிசையில் எழுதுக. ஒவ்வொன்றும் எச்சூழலில் வழங்குகிறது என்பதையும் குறிப்பிடுக.
2. அவற்றுள் ஐந்தனைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, எதிர்கொண்ட இடர்ப்பாடுகளை வகுப்பறையில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா
1. தினவர்த்தமானி – பெயர்க்காரணம் எழுதுக.
2. பழமொழி நானூற்றின் முறையிலிருந்து பெர்சிவலின் தொகுப்புமுறை எவ்வாறு வேறுபடுகிறது?

சிறுவினா
1. யாழ்ப்பாண விவிலியப் பதிப்பு பரவலாக ஏற்கப்படாமைக்குக் காரணம் யாது?
2. பழமொழிகளை மொழிபெயர்ப்பதில் உள்ள இடர்ப்பாடுகளை விளக்குக.

நெடுவினா
1. கொள்கையால் வேறுபட்டோரும் மொழியால் இணைந்து பணியாற்ற இயலும் என்பதைப் பெர்சிவல், நாவலர் ஆகியோரின் வாழ்க்கை வழி நிறுவுக.